கந்தக பூமியில் மூச்சு: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை

இது நீளமான பதிவு. டீயோடு உட்கார்ந்து படியுங்கள். முடியாதவர்கள் சேமித்து வைத்து இரண்டு தவணையில் படியுங்கள். வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. நொய்டாவில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், நெபுலைசர் மாஸ்க் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன் நாலு வயசுப் பையனின் போட்டோவைப் போட்டு, "இந்த வருஷத் தீபாவளியும் ஆஸ்பத்திரியில்தான் போல" என்று எழுதினான். சாத்தூரில் பட்டாசு ஏஜென்சி வைத்திருக்கும் என் அக்கா மகனுக்குக் கோபம். "கார் புகையை விட்டுருவாக, வயக்காட்டுல வைக்கோல் கொளுத்துறதை விட்டுருவாக, நம்ம வெடிதான் அவுகளுக்குக் கண்ணை உறுத்துது. நீ தின்ன சோறு எதுல வந்துச்சுன்னு மறந்துறாத" என்று பதில் போட்டான். நடுவில் ஒரு மதினி, கந்தகப் புகை கிருமியைக் கொல்லும், நெஞ்சுக்கு நல்லது என்று எங்கிருந்தோ வந்த செய்தியை அனுப்பி வைத்தார். கடைசியில் இருவருமே என்னிடம் வந்து நின்றார்கள். "அத்தை, நீங்க சொல்லுங்க." "சித்தி, நீங்க சொல்லுங்க."

இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. முதலிலிருந்து வருகிறேன்.

சிவகாசிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. வெள்ளாமையைக் கெடுத்த அந்த வறட்சிதான் தீக்குச்சி காய வைக்கத் தோதாக அமைந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து 1923-ல் இங்கே ஆரம்பித்தார்கள். இந்தக் கதையை உங்களில் பாதிப் பேர் என் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அப்போது நான் சொல்லாமல் விட்ட ஒரு கிளைக்கதை உண்டு.

தீக்குச்சித் தொழிலுக்கும் தொழிலாளியின் உடம்புக்கும் அதற்கு முன்பே ஒரு பழைய வழக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸ் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் 1888-ல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகப் புகழ் பெற்றது. 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, அந்த பாஸ்பரஸைத் தீக்குச்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. இந்தியாவிலும் 1913-ல் அதைத் தடை செய்து சட்டம் வந்தது. ஆகவே நம் ஊரில் தொழில் தொடங்கும்போது அந்த விஷம் ஏற்கெனவே வெளியேறியிருந்தது. நமக்குக் கிடைத்தது பத்திரமான சிவப்பு பாஸ்பரஸ், பெட்டியின் பக்கவாட்டில்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு தொழிலில் வரும் நோய்க்குப் பெயர் வைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பொருளையே விலக்கிக் காட்டிய தொழில் இது. அது எப்படி முடிந்தது? தாடை அழுகினால் கண்ணுக்குத் தெரியும். தெருவில் போகிறவர் பார்த்துச் சொல்லிவிடலாம். நெஞ்சுக்குள் நடப்பது அப்படித் தெரியாது. சிவகாசியில் முதல் தீப்பெட்டி ஆபீஸ் வந்த அதே 1923-ல்தான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் வந்தது. (வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு: நம் ஊரில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்.) அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பாஸ்பரஸ் நஞ்சும் ஈய நஞ்சும் இருந்தன. நம் பக்கத்துக் கிழவர்கள் சொல்கிற "இரைப்பு" எந்தப் பட்டியலில் வரும்?

பட்டாசு பிறகு வந்தது. முதலில் வர்ண மத்தாப்புத் தீப்பெட்டி. அப்புறம் 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிம முறை ஒழுங்கானது. உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றது. அதே ஆட்கள், அதே ஊர், புதுச் சரக்கு. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள், பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் பேரியம் நைட்ரேட். இவை எல்லாமே பொடிகள். சலிக்க வேண்டும், கலக்க வேண்டும், குழாயில் செலுத்த வேண்டும். பொடியைக் கையாளுகிற இடத்தில் மனிதன் மூக்கை மூடிக்கொண்டா இருப்பான்?

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1983-ல் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்ப்பேன். சக்கரத்துக்கும் பூச்சட்டிக்கும் மருந்து செலுத்துகிறவர்கள் முகம், கை, புருவம் எல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். அலுமினியத் தூள். சினிமாவில் சாமி வேஷம் போட்டவர்களைப் போல இருக்கிறார்களே என்று முதல் வருஷம் ரசித்தேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. புருவத்தில் படிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே போனதைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. இத்தனைக்கும் சுவாச மண்டலத்தைச் சார்ட்டில் வரைந்து பயிற்சியில் நல்ல மார்க் வாங்கினவள் நான்.

1987 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். மழைக்காலத்தில் ஒழுங்காக வருவான், வெயில் காலத்தில் காணாமல் போவான். காரணம் எல்லாருக்கும் தெரியும். வெயில் அடித்தால் வேலை உண்டு. விடியாத நேரத்தில் ஆபீஸ் வண்டி ஊருக்கு வந்து ஹாரன் அடிக்கும், தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி ஏற்றி விடுவார்கள். அந்தப் பையன் டிரில் வகுப்பில் ஒரு சுற்று ஓடினதும் உட்கார்ந்து விடுவான். "நடிக்காதே, எந்திரி" என்று நான் இரண்டாவது சுற்றும் ஓட வைத்தேன். மூன்றாம் சுற்றில் அவன் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்தது. நெஞ்சிலிருந்து விசில் மாதிரிச் சத்தம். மறுநாள் அவன் ஆச்சி வந்து, சண்டைக்கு வரவில்லை, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: "அவனுக்கு இரைப்பு டீச்சர். சின்னதுலருந்தே இருக்கு. யாருகிட்டயும் சொல்லிறாதீக."

பாடத்துக்கு வருகிறேன். ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்கள். நெஞ்சு நோய் உள்ளவர்கள் வேண்டாம், மற்றவர்கள் செய்யுங்கள். ஆஸ்துமா என்பது ஏறக்குறைய அது. மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, உள்ளே சளி சேர்கிறது. மூன்றும் சேர்ந்து குழாயைச் சிறுசாக்கி விடுகின்றன. காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம், அதனால்தான் அந்த விசில். கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு செய்தி: சீராகக் காற்று ஓடுகிற குழாயின் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். குழந்தைக்குக் குழாய் பிறவியிலேயே சின்னது. பெரியவருக்குத் தும்மலோடு போகிற வீக்கம், ஒரு வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. சளிக்காய்ச்சலோடு வீசிங் வரும் சிறு பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது நின்றும் விடுகிறது. எல்லா வீசிங்கும் ஆஸ்துமா இல்லை. ஆனால் விலா உள்வாங்குவதும், பால் குடிக்கவோ ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவோ முடியாமல் திணறுவதும், உதடு நீலம் பாய்வதும் வீட்டு வைத்தியத்துக்கான நேரம் இல்லை. கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

"யாருகிட்டயும் சொல்லிறாதீக" என்று அந்த ஆச்சி ஏன் சொன்னார்? அது புரிய இன்னொரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இருமல் என்றாலே டிபி. எலும்புருக்கி, சயரோகம் என்று எத்தனை பெயர்! என் தாத்தா காலத்தில் டிபி என்றால் தனித் தட்டு, தனித் திண்ணை, பிறகு தோப்பூர், தாம்பரம் மாதிரி சானடோரியம். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். இந்தப் பயத்தை உடைத்த ஆராய்ச்சி நடந்ததும் நம் மாநிலத்தில்தான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான ஏழை வீடு, சத்தான சாப்பாடும் கிடையாது. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாவதற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். மருந்து நோயை மாற்றியது. மனசை மாற்ற இன்னும் நாளாகிறது. இரைப்பு இருக்கிற பெண்ணையும் "டிபியோ என்னவோ" என்று ஊர் பார்க்கும், அதனால் இரைப்பையும் ஒளித்து வைத்தார்கள். ஒளித்து வைத்த நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அதே 1956-ல்தான், ஆஸ்துமாவுக்கு அளவு பார்த்து அடிக்கிற கையடக்க இன்ஹேலரும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்த மருந்துக் கம்பெனி அதிகாரியின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாளாம். கேள்வி கேட்கிற பிள்ளையை நான் என்றைக்குமே உட்காரச் சொன்னதில்லை என்று பெருமை பேசலாம்தான், ஆனால் ஓட முடியாமல் உட்கார்ந்தவனை எழுப்பினவள் ஆயிற்றே. 30 வருஷம் கழித்து, 1987-லும், அந்த டப்பா எங்கள் கிராமத்துக்கு வந்து சேரவில்லை. இப்போது மெடிக்கலில் கிடைக்கிறது, ஆனால் "பழகிப் போகும், நிறுத்த முடியாது" என்று வாங்கப் பயப்படுகிறார்கள். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். இழுப்பு வரும்போது அடிப்பது ஒன்று, வராமல் இருக்கத் தினமும் அடிப்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் நம் சொந்தத்தில் அதிகம். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

1980-களில் வெளியுலகம் சிவகாசியைத் திரும்பிப் பார்த்தது, பிள்ளைகளுக்காக. பத்திரிகைகள் எழுதின. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் வந்தது. எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-லும் 1996-லும் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது தீர்ப்பில், வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வந்தது. ஊரில் அன்றைக்கு இருந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "எங்க பிள்ளைக சோத்துல மண்ணு" என்றார்கள். ஆனால் என் வகுப்பில் வருகைப் பதிவேடு நிறைந்தது. அது பொய்யில்லை, என் கையால் கூட்டிப் போட்ட கணக்கு.

ஒரு ஓட்டையும் இருந்தது. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. 2016-ல் திருத்தம் வரும் வரை அப்படித்தான். ஆபீஸில் இருந்த வேலையில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்தது. குழாய் உருட்டுவது, திரி வெட்டுவது, பெட்டி ஒட்டுவது. சில இடங்களில் சட்டத்துக்குப் புறம்பாக மருந்தும் வந்தது. அதே ஒற்றை அறையில் விறகடுப்பு, தூளியில் கைக்குழந்தை, திண்ணையில் பீடி பிடிக்கும் தாத்தா. இந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் எது காரணம் என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்? ஊதி ஊதி விறகடுப்பில் சமைத்த நம் அம்மாக்களுக்கு, ஒரு சிகரெட் தொடாமலே, புகை பிடிப்பவர்களுக்கு வருகிற அதே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வந்தது. டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். என் அம்மா அதை "வயசு" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

தீ விபத்து மட்டும் கணக்கில் ஏறும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம். பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேஜையில் இருந்தது, மத்தியானத்துக்கு மேல் செய்தி வந்தது. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். உதவவும் பார்க்கவும் ஓடிப் போனவர்களும் அதில் உண்டு. அன்று முதல் எனக்கு ஆசிரியர் தின வாழ்த்து அனுப்புகிற பழைய மாணவர்களில் இரண்டு மூன்று பேர், காலையில் வாழ்த்து அனுப்பிவிட்டுச் சாயங்காலம் முதலிப்பட்டியையும் நினைவூட்டுவார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் எண் உண்டு, நிவாரணத் தொகை உண்டு, விசாரணை உண்டு. ஒரு நொடியில், ஒரு இடத்தில் நடப்பதால் அது யார் தலையில் விழுகிறது என்று சொல்ல முடிகிறது. இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற மூச்சுக்குத் தேதி ஏது?

இனி டெல்லி. 2015-ல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டு குழந்தைகளுக்கு ஆறு மாதம், ஒன்றுக்குப் பதினாலு மாதம். அர்ஜுன் கோபால் வழக்கு என்பது அதுதான். எங்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இந்தக் காற்றில் எப்படி வளரும் என்பது கேள்வி. அதில் தப்பில்லை, குழந்தையின் நுரையீரல் பிறந்த பிறகும் பல வருஷம் வளர்கிறது. 2016 நவம்பரில் டெல்லி வட்டாரத்தில் விற்பனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2017-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் சேர்மங்களுக்குத் தடை. 2018 அக்டோபர் 23-ல் நீதிபதிகள் சிக்ரியும் அசோக் பூஷணும் நாடு முழுவதுக்கும் தீர்ப்பு எழுதினார்கள்: தீபாவளிக்கு இரண்டு மணி நேரம், சரவெடி கூடாது, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும். நமக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வந்ததெல்லாம் அதிலிருந்துதான்.

அக்கா மகன் சொல்வதில் நியாயம் உண்டு. டெல்லிக் காற்று வெடியால் மட்டும் கெட்டதில்லை. வண்டிப் புகை, கட்டடத் தூசி, அறுவடை முடிந்த வயலில் வைக்கும் தீ, எல்லாம் உண்டு. அதோடு அங்கே தீபாவளி நேரத்தில் குளிர் தொடங்கும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்ளும், புகை மேலே போக வழி இருக்காது, மூடி போட்ட சட்டி மாதிரி. நமக்கோ அது ஐப்பசி மழைக்காலம். ஒரு நல்ல மழை பெய்தால் புகையில் ஒரு பகுதி தரையில். அதே சரம் இங்கே வெடிப்பதும் அங்கே வெடிப்பதும் ஒன்றல்ல.

தம்பி மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மூடிய சட்டிக்குள் இன்னும் கொஞ்சம் புகையை ஊற்றினால், ஏற்கெனவே வீங்கிய குழாய் உள்ள பிள்ளை தாங்காது. புனேயில் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாகக் கொளுத்திப் பக்கத்தில் நின்று அளந்தார்கள். எதில் நுண்தூசி அதிகம் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரம் வாலா இல்லை. பாம்பு மாத்திரை! ஒரு கன மீட்டர் காற்றில் உச்சமாக 64,500 மைக்ரோகிராம். பூச்சட்டியில் 4,860. நம் நாட்டில் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 60. உச்சத்தையும் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று அறிவியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள், சரிதான். ஆனாலும் சத்தம் இல்லை, தீப்பொறி இல்லை என்று மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொல்வது அந்த மாத்திரையைத்தானே? நானும் கொடுத்திருக்கிறேன்.

மதினிக்கு ஒரு வார்த்தை. கந்தகம் எரிந்தால் வருவது சல்பர் டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர் அதைச் சுவாசித்தால் சில நிமிஷத்திலேயே குழாய் இறுகும். கிருமி சாகிறதோ இல்லையோ, அந்த ஆராய்ச்சியை நம் பிள்ளை நெஞ்சில் வைத்துச் செய்ய வேண்டாம் மதினி.

நான் ஓய்வு பெற்றது 2018 மே மாதம். அந்த நவம்பரில் பேரியம் தடையை எதிர்த்து ஆபீஸ்கள் எல்லாம் மூடின, சில மாதம் திறக்கவில்லை. என் பழைய மாணவர்கள், குடும்பஸ்தர்கள், "டீச்சர், ரெண்டாயிரம் இருக்குமா" என்று வீட்டு வாசலில் வந்து நின்ற மாதங்கள் அவை. டெல்லிக் குழந்தையின் மூச்சுக்காக இங்கே ஒரு குழந்தை பட்டினி கிடக்க வேண்டுமா என்று அன்று நானும் கேட்டேன். பிறகு மெதுவாக இன்னொன்று தோன்றியது. மூன்று வருஷ வழக்கு, பக்கம் பக்கமாக ஆணைகள், வெடித்த பிறகு வரும் புகைக்கு அளவுகோல், 30 சதவீதம் தூசி குறைந்தால் பசுமை என்று சான்றிதழ். வெடிப்பதற்கு முன்னால் அந்தப் பொடியைச் சலிக்கிறவன் மூச்சைப் பற்றி இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஊரில் நாங்களும் எவ்வளவு பேசினோம்? டெல்லியில் அப்பாக்கள் குழந்தைக்காக வழக்குப் போட்டார்கள். இங்கே ஆச்சி "யாருகிட்டயும் சொல்லிறாதீக" என்றார்.

அந்தப் பையனுக்கு இப்போது 48 வயசு. போன மாதம் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் திறக்கும் முன்பே அவன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. சட்டைப் பைக்குள் கைக்குட்டையில் சுருட்டி நீல இன்ஹேலர். ஏன் ஒளிக்கிறாய் என்றதற்கு, "ஆபீஸ்ல தெரிஞ்சா மருந்து ரூமுக்கு அனுப்ப மாட்டாக டீச்சர். அதுலதான் கூலி கூட" என்றான். தினமும் அடிக்க வேண்டிய மருந்து அவனிடம் இல்லை. பீடி? "விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர்." நான் அவனை நம்பினேன், பாதி.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஸ்பைரோமெட்ரி என்று ஒரு பரிசோதனை. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு குழாயில் முழு பலத்தோடு ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியமான எண். பிறகு குழாய் விரிகிற மருந்தைக் கொடுத்து, கால் மணி, இருபது நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம். ஏறவில்லை என்றால் அடைப்பு நிலைத்துவிட்டது, சி.ஓ.பி.டி. பக்கம். அவனுக்குக் கொஞ்சம் ஏறியது, முழுசாக ஏறவில்லை. சின்ன வயசிலிருந்து கவனிக்காத ஆஸ்துமா, அதன் மேல் இன்னும் ஏதோ சேர்ந்திருக்கிறது என்றார் அந்த இளம் டாக்டரம்மா. மருந்துத் தூசியா, பீடியா, வீட்டு அடுப்பா என்று கேட்டேன். இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது அம்மா என்றார். இரண்டு விதமான இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, எப்படி இழுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். இத்தனை வருஷமாக இவன் அடித்ததில் பாதி நாக்கில்தான் போயிருக்கிறது.

வெளியே வந்ததும் அந்தத் தாளை என்னிடம் நீட்டினான். "பாஸா டீச்சர்?"

தாளைப் பார்த்தேன். கோடுகள், எண்கள், மேலே பெயர், வயசு. தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருந்தது. என்ன வேலை என்று நர்ஸ் கேட்டபோது அப்படித்தான் சொல்லியிருக்கிறான். உள்ளே போய்த் திருத்திவிட்டு வரலாமா என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர், அது அப்படியே இருக்கட்டும். பிள்ளை காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றான். நான் வற்புறுத்தவில்லை. பெயரும் ஊரும் இல்லாமல் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டினான். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். தொழில்: பட்டாசு. வேலை: மருந்துக் கலவை. 26 வருஷம்.